மந்தை ஏன் நிற்பதில்லை?

ஏப்ரல் பிறந்தால் ஹைதராபாத்தில் வெயில் 40 டிகிரியைத் தொட்டுவிடும். நகரின் வெளிவட்டச் சாலையைத் தாண்டி மேடக் பக்கமோ மகபூப்நகர் பக்கமோ போகிறவர்கள், அந்த வெயிலிலும் ஒரு கறுப்பு மந்தை சாலையைக் கடந்து முடிக்கும்வரை வண்டியை நிறுத்திக் காத்திருக்க நேரும். மந்தையின் பின்னால் வருபவரின் தோளில் கனத்த கறுப்புக் கம்பளி ஒன்று மடித்துக் கிடக்கும். தெலுங்கில் அதன் பெயர் கொங்கடி. தெலங்கானாவின் குருமா, கொல்லா இடையர்களுக்கு அதுதான் குடை, படுக்கை, போர்வை எல்லாம். பருத்திச் சட்டையே முதுகில் ஒட்டிக்கொள்ளும் வெயிலில் ஆட்டுக்கும் ஆளுக்கும் கறுப்புக் கம்பளி எதற்கு? அதைவிடப் பெரிய கேள்வி, இந்த மந்தை எங்கே போகிறது, ஏன் ஓர் இடத்தில் நிற்பதில்லை என்பது. பருவநிலை மாற்றத்தை ஈடுகொடுத்துப் பிழைப்பது எப்படி என்று உலகமே திட்டம் தீட்டிக்கொண்டிருக்கும் நாளில், இந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை தேடுவது வீண் வேலை ஆகாது. நிலையில்லாத மழையோடு வாழும் வித்தை தக்காண இடையர்களுக்குப் புதிதில்லை.

முதலில் கம்பளி. அது சூட்டை உண்டாக்கும் பொருள் கிடையாது. சூடு ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் கடப்பதைத் தாமதப்படுத்தும் பொருள். ஐஸ்பாளத்தைச் சாக்கில் சுற்றி மரத்தூளில் புதைத்து வைப்பார்களே, அந்தச் சாக்கு ஐஸைச் சூடாக்குவதில்லை, வெளிச்சூடு உள்ளே போகவிடாமல் காக்கிறது. கம்பளி இழைகளுக்கு நடுவே அடைபட்ட காற்று அதே வேலையைச் செய்கிறது. ஆஸ்திரேலியாவில் 1950களில் மெரினோ ஆடுகளைக் கொளுத்தும் வெயிலில் நிறுத்தி அளந்தார்கள். கம்பளியின் நுனி 80 டிகிரியைத் தாண்டியபோதும் அடியில் இருந்த தோல் 42 டிகிரியை ஒட்டியே இருந்தது. நுனியில் ஏறிய சூட்டின் பெரும்பகுதியைக் காற்று அங்கேயே வாரிக்கொண்டு போய்விடுகிறது. நிறத்தைப் பற்றியும் சோதனை உண்டு. நெகேவ் பாலைவனத்தில் பெதுயின் மக்கள் ஏன் கறுப்பு அங்கி அணிகிறார்கள் என்று கேட்டு, ஓர் ஆளைக் கறுப்பு அங்கி, வெள்ளை அங்கி, ராணுவ உடை, அரைக்கால் சட்டை ஆகியவற்றில் மாற்றி மாற்றி வெயிலில் நிறுத்திப் பார்த்தார்கள். அந்த ஆய்வு 1980-ல் ‘நேச்சர்’ இதழில் வெளியானது. கறுப்பு அங்கியின் வெளிப்புறம் அதிகம் சுட்டது. ஆனால் உடலைச் சேர்ந்த வெப்பம் இரண்டு அங்கிகளிலும் ஒன்றுதான். அதே வட்டாரத்துக் கறுப்பு வெள்ளாடுகளின் கதை சற்று வேறு. கோடையில் கறுப்பு மயிர் கூடுதல் சூட்டை ஏற்றவே செய்தது. குளிர்காலத்திலோ வெயிலில் நின்றே உடம்பைச் சூடாக்கிக்கொள்ள உதவியது. தீவனம் இல்லாத மாதங்களில் அந்த மிச்சம் பெரிது.

இந்த எண்களை அப்படியே தக்காணி இன ஆட்டின்மேல் ஏற்றிவிடக் கூடாது. மெரினோவின் கம்பளி மெத்தை போல அடர்ந்தது. தக்காணியின் கம்பளி முரடு, இடைவெளி விட்டு வளர்வது, ஆண்டுக்கு இரண்டு முறை கத்தரிப்பது. ‘செம்மறி’ என்று தமிழில் நிறத்தையே பெயராக வைத்தோம். தக்காணியோ பெரும்பாலும் கறுப்பு. கம்பளி சூட்டைத் தாமதப்படுத்தும் விதி மட்டும் எல்லா ஆட்டுக்கும் ஒன்றுதான். கத்தரித்த மயிரைப் பெண்கள் கையால் நூற்க, குழித்தறியில் கொங்கடி நெய்யப்படுகிறது. பிறகு புளியங்கொட்டையை ஊறவைத்து அரைத்துக் காய்ச்சிய கூழைத் துணிமேல் தடவி ஏற்றுகிறார்கள். கூழ் காய்ந்தால் கம்பளி அட்டை போல விறைத்துக்கொள்கிறது. மழை வந்தால் ஒரு மூலையை உள்ளே மடித்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நிற்கலாம், நீர் வழிந்து ஓடிவிடும். இரவில் கரடுமுரடான தரையில் விரித்தும் படுக்கலாம். வெயில், மழை, மார்கழிப் பனி மூன்றையும் ஒரே துணி தாங்குகிறது.

ஆனால் கம்பளி வெயிலைத் தாங்கும், பசியைத் தாங்காது. வெயிலுக்கு இடையர்களிடம் வேறு வழியும் உண்டு: விடியுமுன் மேய்த்து, உச்சியில் மர நிழலில் அடைத்து, பொழுது சாயும்போது மறுபடி ஓட்டுவது. நிழல் கிடைக்காத இடத்தில் ஆடுகள் ஒன்றின் வயிற்றுக்குக் கீழே மற்றொன்று தலையை நுழைத்துக்கொண்டு வட்டமாக நிற்கும். தலைக்கு மட்டுமாவது நிழல் தேடும் ஏற்பாடு அது. புல் விஷயத்தில் இப்படி நேரத்தை மாற்றித் தப்பிக்க முடியாது. புல் மழையைப் பொறுத்தது. தக்காணத்து மழையின் குணம் என்னவென்றால், அது சராசரிக்குக் கட்டுப்படாது. ஓர் ஊரில் நனைந்த மண், நான்கு மைல் தள்ளி அடுத்த ஊரில் புழுதியாகக் கிடக்கும். ஒரே ஊருக்கு ஓர் ஆண்டு ஜூனில் வந்த மழை மறு ஆண்டு ஆகஸ்டில் வரும். ஆண்டு மொத்தத்தைக் கூட்டி வகுத்துச் சொல்லும் எண் இந்த மேடுபள்ளத்தையெல்லாம் தேய்த்துச் சமமாக்கிக் காட்டிவிடுகிறது. அந்த மேடுபள்ளத்தைத்தான் அறிவியலில் ‘மாறுபாடு’ என்கிறோம்.

மாறுபாட்டை இரண்டு விதமாக எதிர்கொள்ளலாம். சந்தையில் வாடகைக்குக் கடை பிடித்தவருக்குக் கூட்டம் வராத நாளெல்லாம் நஷ்டம். தள்ளுவண்டிக்காரர் காலையில் பள்ளிக்கூட வாசல், மாலையில் சினிமாக் கொட்டகை, வெள்ளிக்கிழமை கோயில் என்று கூட்டம் இருக்கும் இடத்துக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு போவார். ஊர் முழுக்க ஒரே நேரத்தில் ஒரே அளவு கூட்டம் இருந்துவிட்டால் தள்ளுவண்டிக்கு வேலையே கிடையாது. கூட்டம் இடம் மாறுவதால்தான் அவருக்குப் பிழைப்பு. உழவர் கடைக்காரரைப் போல, நிலத்தை விட்டு நகர முடியாது. இடையர் தள்ளுவண்டிக்காரர். அறிவியலாளர்கள் இதைக் கொஞ்சம் தாமதமாகத்தான் புரிந்துகொண்டார்கள். நெடுங்காலம் மேய்ச்சல் நிலத்தை ‘தாங்குதிறன்’ என்ற ஒரே கணக்கால் அளந்தார்கள்: இவ்வளவு ஏக்கருக்கு இத்தனை ஆடு, மீறினால் நிலம் கெடும். இது நிலமும் ஆடும் ஒன்றையொன்று சரிசெய்துகொண்டு ஒரு சமநிலைக்கு வரும் என்ற எண்ணத்தின்மேல் நின்ற கணக்கு. கென்யாவின் வடக்கே துர்கானா இடையர்களோடு பல ஆண்டுகள் வேலை செய்த ஜேம்ஸ் எல்லிஸும் டேவிட் ஸ்விஃப்டும் 1988-ல் வேறு விதமாக எழுதினார்கள். அங்கே ஆட்டின் எண்ணிக்கையைத் தீர்மானித்தது புல்லின்மேல் ஆடு தந்த நெருக்கடி இல்லை, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வந்து தாக்கிய வறட்சி. மந்தை பெருகி நிலத்தை அழிக்கும் கட்டத்தை எட்டுமுன்பே மழை பொய்த்து மந்தை சுருங்கிவிடுகிறது. சமநிலைக்கே வராத அமைப்பு அது; அதற்குத் தாங்குதிறன் என்று ஒரே எண்ணைச் சொல்வதில் பொருளில்லை.

தெலங்கானா துர்கானா அளவுக்கு வறண்ட பூமி இல்லை என்பதை இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். ஹைதராபாத்துக்கு ஆண்டுக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் மழை உண்டு. ஆகவே இங்கே இரண்டு விதிகளும் கலந்தே செயல்படுகின்றன. நல்ல மழை ஆண்டுகள் தொடர்ந்தால் மேய்ச்சல் நெருக்கடி மெய்யாகவே நிலத்தை உறுத்தும். ஆனால் இடையருக்கு ஆண்டு மொத்தத்தைவிட எந்த மாதம், எந்த ஊர் என்பதே முக்கியம், அதில் தக்காணத்தின் தாறுமாறு குறைந்ததில்லை.

நகர்வதில் இன்னொரு லாபமும் மறைந்திருக்கிறது. நிறைய மழை பெய்யும் இடத்தில் புல் ஆள் உயரம் வளரும், ஆனால் மண்ணிலுள்ள நைட்ரஜன் அத்தனை தண்டுக்கும் இலைக்கும் பங்குபோட்டு நீர்த்துவிடும். மோர் நிறைய வேண்டும் என்று தயிரில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே போவது மாதிரி. குறைந்த மழையில் குட்டையாக முளைக்கும் இளம்புல்லில் புரதம் செறிவாக இருக்கும். மேற்கு ஆப்பிரிக்காவின் மாலியில் இதை விரிவாக அளந்த பிரேமன், டி விட் என்ற இரு டச்சு ஆய்வாளர்கள் 1983-ல் ‘சயின்ஸ்’ இதழில் எழுதிய முடிவு பலரையும் திகைக்க வைத்தது. மழைக்காலத்தில் வடக்கே குட்டைப் புல்லுக்கும் கோடையில் தெற்கே நீருள்ள இடத்துக்கும் மாறி மாறி நடந்த மந்தைகள், ஒரு ஹெக்டேருக்குத் தந்த புரதத்தில் அதே அளவு மழை பெறும் அமெரிக்க, ஆஸ்திரேலியப் பண்ணைகளுக்குக் குறையவில்லை, பல இடங்களில் மிஞ்சின. வேலி கட்டிய பண்ணைக்குச் சராசரிப் புல்தான் கிடைக்கும். நடக்கும் மந்தை ஒவ்வோர் இடத்தையும் அதன் நல்ல வாரத்தில் பிடித்துக்கொள்கிறது. இப்படிப் பருவத்துக்கேற்ப இடம் மாறி மேய்ப்பதைத் தமிழில் ‘வலசை மேய்ச்சல்’ என்று சொல்லலாம். பறவைகளுக்குச் சொல்லும் சொல் ஆடுகளுக்கும் பொருந்துகிறது.

தக்காண வலசையில் புல்லோடு மனித உறவும் சேர்ந்தே நடக்கிறது. ஜூன் தொடங்கி வயல்களில் பயிர் நிற்கும்போது மந்தை ஊர்ப்பக்கத்துக் குன்று, பாறைமேடு, புறம்போக்கு நிலங்களில் மேயும். அறுவடை முடிந்ததும் தாளடியில் இறங்கும். அங்கே உழவரே அழைத்துத் தன் நிலத்தில் இரவுகளில் ஆட்டைப் படுக்கவைத்து, அதற்குத் தானியமோ பணமோ தருவார். ராமநாதபுரத்து இடையர்களான கீதாரிகள் தஞ்சை வரை நடந்து கிடை போடுவதை அறிந்த தமிழ் வாசகர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆட்டு எரு அந்த ஆண்டே பலன் தரும், மாட்டு எருவுக்கு மறு ஆண்டு வரை காத்திருக்க வேண்டும் என்று நம் உழவர்கள் சொல்வது தெலங்கானா உழவர்களுக்கும் தெரிந்த உண்மை. தாளடியும் தீர்ந்தபின் கோடையில் ஆற்றுப்படுகை, காடு, ஏரி உள்வாய், வேலநெற்று உதிரும் மரத்தடி. எந்த ஊர் ஏரியில் சித்திரையிலும் நீர் நிற்கும், எந்த உழவர் சொன்ன சொல் மாறமாட்டார், எந்தக் காவலர் காட்டுக்குள் விடுவார் என்ற விவரமெல்லாம் இடையரின் மனதில் ஒரு வரைபடமாக இருக்கிறது. புல்லைப் போலவே அந்த உறவுகளும் அவருக்கு முதலீடு.

இப்போது அந்த வரைபடத்தின்மேல் பருவநிலை மாற்றம் கைவைத்திருக்கிறது. புனேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் ராக்ஸி மேத்யூ கோலும் அவரது குழுவினரும் 2017-ல் வெளியிட்ட ஆய்வின்படி, 1950-க்கும் 2015-க்கும் இடையே மத்திய இந்தியாவில் பரந்த அளவிலான பெருமழை நிகழ்வுகள் மூன்று மடங்காயின. மொத்தப் பருவமழையோ குறைந்தே வந்திருக்கிறது. அதாவது மாதச் சம்பளமாக வந்துகொண்டிருந்தது இரண்டு நாள் லாட்டரியாகவும் மீதி நாள் பட்டினியாகவும் மாறுகிறது. ஹைதராபாத் 2020 அக்டோபர் நடுவில் இதை நேரில் கண்டது. நகரத்தில் தெருக்கள் ஆறாயின. அப்படியொரு மழையில் கரிசல் வயலில் மாட்டிக்கொண்ட மந்தையைப் பாருங்கள். களிமண் குளம்புகளின் நடுவே அப்பி, இரண்டு நாள் ஈரம் காயாவிட்டால் இடுக்கில் தோல் வெந்து புண்ணாகி, ஆடு முன்னங்கால் மண்டியிட்டபடி மேய ஆரம்பிக்கும். குளம்பழுகல் வந்துவிட்டது என்று இடையர் அதைக் கண்டதும் சொல்லிவிடுவார். மழைக்குப் பின் பெருகும் நுண்ணிய ஈக்கள் நீலநாக்கு நோயைப் பரப்பும். தென்னிந்தியாவில் அந்த நோய் பருவமழையை ஒட்டித்தான் வெடிக்கிறது. அதற்கு ஐந்து வைரஸ் வகைகளுக்கு எதிரான தடுப்பூசி இந்தியாவில் இருக்கிறது, இந்தியாவில் பதிவான வகைகளோ இருபதுக்கும் மேல். தடுப்பூசி கட்டாயம் வேண்டும். அதோடு மழை இருட்டிக்கொண்டு வரும்போதே கரிசலை விட்டுச் செம்மண் மேட்டுக்கும் பாறைக்கும் மந்தையை ஏற்றிவிட முடிகிற வசதியும் வேண்டும். இரண்டாவதற்கு மருந்துக்கடையில் வழியில்லை. ஏறுவதற்கு ஒரு மேடு, அதில் நிற்க ஓர் உரிமை இருக்க வேண்டும்.

ஆடுதானே நிலத்தைப் பாலைவனமாக்குகிறது, அதற்கு உரிமை வேறா என்று கேட்பவர்கள் உண்டு. பொதுநிலத்தில் ஒவ்வொருவரும் இன்னோர் ஆட்டைச் சேர்க்க, கடைசியில் எல்லோருக்கும் நிலம் அழியும் என்று காரெட் ஹார்டின் 1968-ல் எழுதியது இன்றும் பலர் மனதில் வேரோடியிருக்கிறது. அவர் கற்பனை செய்த நிலத்தில் யாரும் யாரோடும் பேசுவதில்லை, கட்டுப்பாடு எதுவும் கிடையாது. நம் பொதுநிலங்களுக்கு நிஜத்தில் என்ன ஆனது என்பதை ஹைதராபாத்தை அடுத்த படான்செருவில் 1972-ல் தொடங்கிய இக்ரிசாட் பயிர் ஆராய்ச்சி நிறுவனத்தில் பணியாற்றிய பொருளாதார அறிஞர் என். எஸ். ஜோதா அளந்தார். ஏழு மாநிலங்களின் வறண்ட பகுதிகளில் 80-க்கும் மேற்பட்ட கிராமங்களில் நடத்தி 1986-ல் வெளியிட்ட அந்த ஆய்வு, 1950களின் தொடக்கத்திலிருந்து மூன்று பத்தாண்டுகளில் பொதுநிலத்தின் பரப்பு 31 முதல் 55 சதவீதம் வரை சுருங்கியதாகக் காட்டியது. பங்கிட்டும் ஆக்கிரமித்தும் தனியார் கைக்குப் போன நிலம் அது. ஆடு அதே அளவில் இருந்து புல்வெளி பாதியானால் எஞ்சிய பாதி தேயத்தான் செய்யும். தேய்ந்ததைக் காட்டி ஆட்டைக் குற்றம் சொல்வது, பேருந்துகளைப் பாதியாக்கிவிட்டு நெரிசலுக்குப் பயணிகளைத் திட்டுவது போன்றது. அதிகம் மேய்ந்தால் நிலம் கெடாது என்று நான் சொல்லவில்லை, கெடும். நகர வழியில்லாத மந்தைதான் முதலில் கெடுக்கிறது.

அதிக எடை தரும் இனத்தைக் கொடுத்து இடையர்களை முன்னேற்றலாமே என்பது அடுத்த வாதம். தெலங்கானா அரசு 2017 ஜூனில் தொடங்கிய திட்டத்தில், 20 பெட்டை ஆடுகளும் ஒரு கிடாவும் கொண்ட 1.25 லட்ச ரூபாய்த் தொகுப்புக்கு 75 சதவீத மானியம் தரப்பட்டது. ஆடுகள் வெளிமாநிலங்களிலிருந்து வாங்கப்பட்டன. மாநிலத்தின் செம்மறி எண்ணிக்கை 2012-ல் 1.28 கோடி, 2019 கணக்கெடுப்பில் 1.91 கோடி, நாட்டிலேயே முதலிடம். இடையர்களுக்கு அரசு இவ்வளவு பெரிய அளவில் பணம் ஒதுக்கியதை நான் மதிக்கிறேன். என் வருத்தம் கணக்கில்தான்: ஆடுகளுக்கு நிதி ஒதுக்கிய திட்டம் அவை மேய நிலம் ஒதுக்கவில்லை. வந்தவற்றில் நெல்லூர் வகை ஆடுகள் முக்கியமானவை. உயரமான, கம்பளியில்லாத, இறைச்சிக்குப் பேர்போன இனம். நெல்லூருக்கு அது நல்ல ஆடுதான். மேடக்கின் மழையிலும் பனியிலும் திறந்தவெளியில் படுத்து, ஒரு நாளில் வெகுதூரம் நடக்க வேண்டிய வாழ்வுக்கு அதன் உடம்பு பழகியதில்லை. தக்காணியை மாற்றவே கூடாது என்று பிடிவாதம் பிடிக்கவும் வேண்டாம். மகாராஷ்டிரத்தின் பல்டன் ஊரிலுள்ள நிம்ப்கர் வேளாண் ஆராய்ச்சி நிறுவனம், வங்கத்துக் காரோல் ஆட்டிலிருந்து இரட்டைக்குட்டி ஈனும் மரபணுவைத் தக்காணிக்குள் கொண்டுவந்தது. ஆட்டின் தாங்கும் குணத்தை வைத்துக்கொண்டே பலனைக் கூட்ட முயன்ற வேலை அது. இனப்பெருக்க அறிவியல் இந்தத் திசையில் போனால் இடையருக்கு நல்லது.

மீத்தேன் விஷயத்தை மறைக்க முடியாது. அசைபோடும் விலங்கின் வயிற்றில் நுண்ணுயிரிகள் நாரைச் செரிக்கும்போது அந்த வாயு உண்டாகிறது. அது பூமியைச் சூடாக்குவதில் கரியமில வாயுவைவிடப் பல மடங்கு வலியது. வற்றல் புல்லும் தாளும் தின்னும் ஆடு, ஒரு கிலோ இறைச்சிக்குக் கணக்கிட்டால், பண்ணைத்தீவனம் தின்னும் ஆட்டைவிடக் கூடுதலாகவே மீத்தேன் விடும். ஆனால் அந்தக் கணக்கில், தீவனம் விளைய உழுத டிராக்டரையும் ரசாயன உரத்தையும் லாரியையும் கொட்டகை மின்சாரத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வலசை ஆடு வயலில் விட்டுப்போகும் எருவால் மிச்சமாகும் யூரியாவை மறுபக்கம் கழிக்கவும் வேண்டும். மீத்தேன் காற்றில் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் சிதைந்துவிடும், புதைபடிவ எரிபொருளின் கரியமில வாயு நூற்றாண்டுகள் தங்கும். இவற்றையெல்லாம் கூட்டிக் கழித்தால் இடையர் குற்றமற்றவர் என்று ஆகிவிடாது. ஆனால் நகரவாசியின் கார், ஏசி கணக்குக்கு முன்னால் அவரை நிறுத்தி விசாரிப்பது நியாயமில்லை.

என்னை அதிகம் யோசிக்க வைக்கும் மறுப்பு இன்னொன்று. இந்த வாழ்க்கை கடினமானது. பிள்ளைகள் படிக்க வேண்டும். இளைஞர்கள் மந்தைக்குப் பின்னால் போக விரும்பவில்லை. உண்மை. யாரையும் மந்தையோடு கட்டிப்போட எவருக்கும் உரிமையில்லை. ஆனால் அவர்கள் விட்டுப்போவதற்கு வெயிலைவிட வேறு காரணங்கள் கனமானவை. சோளம் விளைந்த நிலம் பருத்திக்கும் இருபோக நெல்லுக்கும் மாறியதால் தாளடி காலியாகக் கிடக்கும் நாட்கள் குறைந்துவிட்டன. ஏரிக்குப் போகும் பாதையில் வேலி வந்துவிட்டது. செயற்கை இழைப் போர்வைகள் மலிந்து கம்பளி மயிருக்கு விலையே இல்லாமல் போனது. இவை வானத்திலிருந்து இறங்கியவை இல்லை, மனிதர் முடிவெடுத்துச் செய்தவை. ஆகவே மாற்றவும் முடிகிறவை.

கோல்கொண்டா என்ற பெயருக்கு ‘கொல்லாக்களின் குன்று’, அதாவது இடையர் குன்று, என்று பொருள் சொல்வது ஹைதராபாத்தில் வழக்கம். நகரத்தை ஒட்டிய பழைய கோட்டையின் பெயர் அப்படி என்றால் புதிய பகுதிகளின் பெயர்களிலும் இடையர் இருக்கிறார். ஹைதராபாத் பல்கலைக்கழகத்தை ஒட்டிய கஞ்ச கச்சிபௌலியின் 400 ஏக்கரில் மரங்கள் வெட்டப்பட்டு, 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அதை நிறுத்தியபோது நாடே அந்தப் பெயரை வாசித்தது. மானைப் பற்றியும் மயிலைப் பற்றியும் நிறையப் பேசினார்கள், பேச வேண்டியதுதான். ‘கஞ்ச’ என்ற முதல் சொல்லுக்குத் தெலங்கானாவில் மேய்ச்சலுக்கு விட்ட நிலம் என்று பொருள் என்பதை அநேகர் கவனிக்கவில்லை. வருவாய்ப் பதிவேட்டில் அந்தச் சொல் இன்னும் எத்தனையோ ஊர்களின் பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஐக்கிய நாடுகள் சபை 2026-ஐ மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ச்சல் சமூகங்களுக்குமான ஆண்டாக அறிவித்திருக்கிறது. அதைவிட எனக்கு நம்பிக்கை தருவது, 2024 அக்டோபரில் தொடங்கிய இந்தியாவின் 21-வது கால்நடைக் கணக்கெடுப்பு முதன்முறையாக வலசை மேய்ச்சல்காரர்களைத் தனியாகப் பதிவுசெய்ய முற்பட்டது. தலைகளை எண்ணுவது எளிது. எந்த மாதம் எந்த வழி, எந்த ஏரி, எந்த மேடு என்று கேட்டு அதையும் வரைபடத்தில் குறித்துக்கொண்டால், அடுத்த சாலைக்கோ தொழிற்பேட்டைக்கோ நிலம் அளக்க வருகிறவர் அந்தக் கோட்டைப் பார்த்தாக வேண்டியிருக்கும்.